ஒரே மூலகம், நான்கு விதி

ரொறன்ரோவுக்கு வடக்கே, றிச்மண்ட் ஹில்லில், பேவியூ அவெனியூவுக்கும் யங் வீதிக்கும் நடுவே, வீடுகளுக்கு மத்தியில் மரங்கள் நிறைந்த ஒரு மேட்டில் வெள்ளைக் குவிமாடம் ஒன்று தெரியும். அதுதான் டேவிட் டன்லப் வானாய்வகம். 1935 மே 31-இல் அது திறக்கப்பட்டபோது, அதன் 1.88 மீற்றர் தொலைநோக்கியை விடப் பெரியது உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அது கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில். கனடா மண்ணில் உள்ள மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கிகளில் இது இன்றும் ஒன்று. ரொறன்ரோப் பல்கலைக்கழகம் 2008-இல் இதை விற்றுவிட்டது. இப்போது இது நகரசபையின் சொத்து.

வானாய்வகம் கட்டப் பணம் கொடுத்தவர் ஜெசி டன்லப். 1924-இல் இறந்துபோன கணவர் டேவிட் டன்லப்பின் நினைவாகக் கொடுத்தார். கணவர் ஒன்ராறியோவின் வடக்கே மட்டாவா என்ற சிற்றூரில் வக்கீலாக இருந்தவர். 1903-இல், அங்கிருந்து இன்னும் வடக்கே, காட்டுக்குள் புதிய ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த இடத்தில், ஃப்ரெட் லாறோஸ் என்ற கொல்லர் ஒரு தாதுப் பாறையைக் கண்டுபிடித்தார். மட்டாவாவில் கடை வைத்திருந்த திம்மின்ஸ் சகோதரர்கள் அந்த இடத்தில் பங்கு வாங்கினார்கள். வக்கீல் டன்லப்பும் கூட்டுச் சேர்ந்தார். பாறைக்குள் இருந்தது வெள்ளி. வெள்ளியில் சம்பாதித்த கூட்டாளிகள் பிறகு ஹொலிஞ்சர் தங்கச் சுரங்கத்திலும் இறங்கினார்கள்.

வெள்ளியால் வாழ்ந்த அந்த ஊரின் பெயர் கோபால்ட். மாகாண நிலவியலாளர் வில்லெட் மில்லர் 1904-இல் வைத்த பெயர் அது. வெள்ளி ஓடிய பாறைப் பிளவுகளில் கோபால்ட் தாதுவும் கூடவே ஓடியது. காற்றும் ஈரமும் பட்ட இடத்தில் அந்தத் தாது ரோசாப்பூ நிறத்தில் பாறை மேல் பூத்துக் கிடக்கும். தேடி அலைந்தவர்களுக்கு அந்த ரோசா நிறம்தான் துப்பு.

இந்த அத்தியாயம் அந்த நிறத்துக்குக் காரணமான மூலகத்தைப் பற்றியது. கோபால்டின் அணுக்களில் நான்கு வகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று நிலத்துக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சும்மா கிடக்கிறது. ஒன்றை றிச்மண்ட் ஹில்லிலிருந்து 30 கிலோமீற்றர் தொலைவில் உள்ள அணு உலையில் செய்கிறார்கள். ஒன்று ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது. ஒன்று வெடித்த நட்சத்திரத்துக்குள் பிறந்து, அதற்கு வெளிச்சம் கொடுத்து, முடிந்துபோகிறது. இரசாயன ஆய்வுகூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் நாலும் ஒன்று என்றே பதில் வரும்.

27 என்ற இலக்கம்

எந்த அணுவுக்கும் நடுவில் ஒரு கரு உண்டு. அதற்குள் இரண்டு வகைத் துகள்கள்: நேர் மின்னேற்றம் கொண்ட புரோத்தன், மின்னேற்றமே இல்லாத நியூத்திரன். இரண்டின் திணிவும் ஏறக்குறைய ஒன்றே. கருவுக்கு வெளியே, புரோத்தன்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இலத்திரன்கள்.

ஓர் அணு எந்த மூலகம் என்பதைத் தீர்மானிப்பது புரோத்தன்களின் எண்ணிக்கை மட்டும்தான். 26 என்றால் இரும்பு, 28 என்றால் நிக்கல், 27 என்றால் கோபால்ட். இதில் பேரத்துக்கு இடமில்லை. 27 புரோத்தன்கள் 27 இலத்திரன்களைப் பிடித்து வைத்திருக்கும். ஒட்சிசனோடு சேர்வது, அமிலத்தில் கரைவது, கண்ணாடிக்கு நீலம் ஏற்றுவது எல்லாமே அந்த இலத்திரன்களின் கொடுக்கல் வாங்கல்.

நியூத்திரன் இந்தக் கொடுக்கல் வாங்கலில் கலந்துகொள்வதில்லை. அது ஒன்று கூடினாலும் குறைந்தாலும் இலத்திரன்கள் சட்டை செய்வதில்லை. ஒரே மூலகத்தின் அணுக்கள் நியூத்திரன் எண்ணிக்கையில் வேறுபட்டால் அவற்றைச் சமதானிகள் என்கிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஐசோடோப்புகள். புரோத்தன்களையும் நியூத்திரன்களையும் கூட்டினால் வருவது திணிவெண். அதை மூலகத்தின் பெயரோடு ஒட்டிச் சொல்வது வழக்கம். 27 புரோத்தன், 32 நியூத்திரன், ஆகவே கோபால்ட்-59.

நம் கதைக்கு வேண்டிய நால்வர்:

கோபால்ட்-56: 29 நியூத்திரன்கள். அரைவாழ்வு 77 நாள். இரும்பு-56 ஆகிறது.
கோபால்ட்-57: 30 நியூத்திரன்கள். அரைவாழ்வு 272 நாள். இரும்பு-57 ஆகிறது.
கோபால்ட்-59: 32 நியூத்திரன்கள். நிலையானது.
கோபால்ட்-60: 33 நியூத்திரன்கள். அரைவாழ்வு 5.27 ஆண்டு. நிக்கல்-60 ஆகிறது.

அரைவாழ்வு என்பது கையில் உள்ள அணுக்களில் சரிபாதி சிதைய எடுக்கும் காலம். கோபால்டுக்கு இன்னும் பல சமதானிகள் உண்டு. ஆனால் பூமியில் தோண்டியெடுக்கும் கோபால்ட் முழுவதும் 59 மட்டுமே. லாறோஸ் கண்ட பாறையில் இருந்ததும் அதுதான்.

சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் வெளியோட்டைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பார். இரசாயனம் அணுவின் ஓட்டை மட்டும் தொடுகிற கை. ஆட்டிப் பார்க்க வேறு வழிகள் வேண்டும். நிறுத்துப் பார்க்கலாம், அல்லது சிதையும்வரை காத்திருந்து, வெளியே வரும் கதிரைப் பார்க்கலாம்.

ஐதரசன் ஒன்றுதான் இந்த விதிக்குப் பெரிய விலக்கு. சாதாரண ஐதரசனின் கருவில் ஒரு புரோத்தன் மட்டும். சுமார் 6,400 ஐதரசன் அணுக்களுக்கு ஒன்றில் கூடவே ஒரு நியூத்திரனும் இருக்கும். அதன் பெயர் தியூத்திரியம். ஒரு நியூத்திரன் சேர்ந்ததும் அணுவின் திணிவு இரட்டிப்பாகிவிடுகிறது. அவ்வளவு பெரிய வித்தியாசத்தை இரசாயனமும் உணர்ந்துவிடும். தியூத்திரியத்தால் ஆன கனநீர் 0 பாகையில் அல்ல, 3.8 பாகை செல்சியசிலேயே உறையும். அதன் பனிக்கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காமல் தாழும். கோபால்டில் ஒரு நியூத்திரன் கூடினால் திணிவு நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஏறுவதில்லை. ஆகவே அங்கே வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

இலங்கையிலிருந்து போன ஈயம்

ஒரே மூலகத்துக்கு வெவ்வேறு திணிவில் அணுக்கள் உண்டு என்ற உண்மை தெரியவந்த கதையில் மொன்றியலுக்கும் பங்கு உண்டு, பலாங்கொடைக்கும் பங்கு உண்டு.

1901 முதல் 1903 வரை, மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஏர்னெஸ்ட் ரதர்ஃபோர்டும் பிரெட்றிக் சொடியும் சேர்ந்து தோரியத்தை ஆராய்ந்தார்கள். தோரியம் கதிர் வீசும்போது வேறொரு பொருளாக மாறுகிறது என்று கண்டார்கள். மூலகம் மாறவே மாறாது என்று நம்பியிருந்த காலம் அது. அடுத்த பத்தாண்டுக்குள் இப்படிப்பட்ட புதுப் பொருள்கள் முப்பதுக்கு மேல் குவிந்தன: தோரியம் எக்ஸ், ரேடியோதோரியம், மீசோதோரியம், அயோனியம் என்று நீண்ட பட்டியல். ஆவர்த்தன அட்டவணையிலோ ஈயம் முதல் யுரேனியம் வரை 11 இடங்கள்தான் இருந்தன. அதோடு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. ரேடியோதோரியத்தைத் தோரியத்தோடு கலந்துவிட்டால் எந்த இரசாயனவியலாளராலும் திரும்பப் பிரிக்க முடியவில்லை.

கெட்டித்தனம் போதாமல் தோற்கிறோம் என்று பலர் நினைத்தார்கள். 1913-இல், அப்போது கிளாஸ்கோவில் இருந்த சொடி, பிரிக்க முடியாததற்குக் காரணம் அவை ஒரே மூலகம் என்பதுதான் என்றார். அட்டவணையில் ஓர் இடத்தில், வெவ்வேறு திணிவுள்ள அணுக்கள் சேர்ந்து இருக்கலாம் என்பது அவர் வாதம்.

வாதத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. தோரியம் படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது, யுரேனியமும் அப்படியே. ஆனால் கணக்குப்படி, தோரியத்தின் ஈயம் 208, யுரேனியத்தின் ஈயம் 206. தோரியம் அதிகமும் யுரேனியம் மிகக் குறைவுமாக உள்ள ஒரு கனிமம் கிடைத்தால், அதிலிருந்து எடுக்கும் ஈயம் சாதாரண ஈயத்தை விடப் பாரமாக இருக்க வேண்டும்.

அந்தக் கனிமம் இலங்கையில் இருந்தது. இலங்கையின் தோரியக் கனிமங்கள் உலகத்துக்குத் தெரியவந்த கதையில் வரும் ஒரு பெயர் தமிழருக்குப் பழக்கமானது: சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி. கலை வரலாற்றாசிரியராகப் பேர் பெறுவதற்கு முன் அவர் நிலவியலாளர். இலங்கைக் கனிமவியல் ஆய்வுத் துறையின் முதல் பணிப்பாளர். பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் மணலில் கிடைத்த, கறுத்த, கைக்குப் பாரமான, கனசதுர வடிவக் கனிமம் ஒன்று 1904-இல் அவர் கவனத்துக்கு வந்தது. இலண்டனில் பகுத்துப் பார்த்து அதற்குத் தோரியனைட் என்று பெயரிட்டார்கள். அதன் உறவுக் கனிமமான தோரைட்டும் இலங்கையிலிருந்து போனது. சொடி எடுத்துக்கொண்டது இந்தத் தோரைட்டை.

கிலோக் கணக்கில் தோரைட்டைக் கரைத்து, வடித்து, ஒரு சிறிய அளவு ஈயத்தைப் பிரித்தெடுத்தார். நிறத்திலும் மென்மையிலும் இரசாயனச் சோதனைகளிலும் அது வெறும் ஈயம். நிறுத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. சாதாரண ஈயத்தின் அணுத்திணிவு 207.2, இலங்கை ஈயத்துக்கு 207.7 அளவில் வந்தது. அடர்த்தியும் கொஞ்சம் கூடியிருந்தது. அதே நாட்களில் ஹார்வார்டில் தியோடோர் றிச்சர்ட்ஸ் யுரேனியக் கனிமங்களின் ஈயத்தை அளந்து, அது சாதாரண ஈயத்தை விட இலேசானது என்று காட்டினார். ஒரே மூலகத்துக்கு, பிறந்த இடத்தைப் பொறுத்து எடை மாறியது. சொடிக்கு 1921-ஆம் ஆண்டுக்கான இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

கதிரியக்கம் இல்லாத மூலகங்களிலும் இதே கதைதான். ஜே. ஜே. தொம்சன் 1913-இல் நியோன் வாயுவில் 20, 22 என்ற இரண்டு திணிவுகளைக் கண்டார். 1919-இல் பிரான்சிஸ் அஸ்ரன் திணிவு நிறமாலைக் கருவியைச் செய்து மூலகம் மூலகமாகப் பிரித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் குளோரினின் அணுத்திணிவு 35.5 என்று மனப்பாடம் செய்தோமே, அப்படி ஓர் அணு எங்கும் கிடையாது. 35 திணிவுள்ளது நாலில் மூன்று பங்கு, 37 நாலில் ஒரு பங்கு, சராசரிதான் 35.5. எடை மாறியது எதனால் என்ற கேள்விக்கு, ஜேம்ஸ் சட்விக் 1932-இல் நியூத்திரனைக் கண்டுபிடித்த பிறகே விடை வந்தது.

அட்டவணையில் நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்த ஒரு புதிருக்கும் அதோடு விளக்கம் கிடைத்தது. கோபால்டின் அணுத்திணிவு 58.93, நிக்கலின் அணுத்திணிவு 58.69. எடை வரிசைப்படி நிக்கல்தான் முன்னால் வர வேண்டும்; குணங்களைப் பார்த்தால் கோபால்ட்தான் முன்னால் வர வேண்டும். ஹென்றி மோஸ்லி 1913-இல் எக்ஸ்-கதிர்களால் அளந்து, கோபால்ட் 27, நிக்கல் 28 என்று தீர்த்து வைத்தார். பிறகேன் நிக்கல் இலேசு? நிக்கலுக்கு ஐந்து நிலையான சமதானிகள். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிக்கல்-58. சராசரியைக் கீழே இழுப்பது அதுதான். கோபால்டுக்கு இருப்பது 59 ஒன்றே.

பிக்கரிங்கில் ஒரு நியூத்திரன்

இனி அந்தக் கோபால்ட்-59-க்கு ஒரு நியூத்திரனைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்போம். அதற்கு அணு உலை வேண்டும்.

ஒன்ராறியோ ஏரிக்கரையில் உள்ள பிக்கரிங் அணுமின் நிலையம் 1971-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அங்குள்ள கண்டு (CANDU) வகை உலையே சமதானிகளின் வேறுபாட்டில் ஓடும் இயந்திரம். இயற்கை யுரேனியத்தில் நூற்றுக்கு 0.7 பங்குதான் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235, மிச்சமெல்லாம் 238. அந்தச் சொற்ப 235-ஐ வைத்தே உலையை எரிக்க வேண்டுமானால் ஒரு நியூத்திரனைக்கூட வீணாக்கக் கூடாது. நியூத்திரன்களின் வேகத்தைத் தண்ணீரால் குறைக்கலாம். ஆனால் சாதாரண ஐதரசன் அவற்றை விழுங்கியும் விடும். தியூத்திரியம் விழுங்குவது நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. அதனால்தான் கண்டு உலைக்குள் கனநீர்.

உலைக்குள் நியூத்திரன் பாய்ச்சலைச் சமப்படுத்த, நியூத்திரன்களை விழுங்கும் உலோகக் கோல்கள் நிற்கும். அவற்றை வெறும் உருக்கில் செய்யாமல் கோபால்ட்-59 கொண்டு செய்தால், உலை மின்சாரம் தந்துகொண்டிருக்கும்போதே கோல்களில் உள்ள அணுக்கள் ஆளுக்கொரு நியூத்திரனைப் பிடித்துக் கோபால்ட்-60 ஆகும். ஓரிரண்டு ஆண்டு கழித்துக் கோலை வெளியே எடுக்கிறார்கள். பிக்கரிங்கில் பல்லாண்டாக நடக்கும் வேலை இது.

உள்ளே போன உலோகத்துக்கும் வெளியே வந்த உலோகத்துக்கும் நிறத்திலோ கடினத்திலோ வித்தியாசம் தெரியாது. ஆனால் வெளியே வந்ததன் பக்கத்தில் போக முடியாது. கோபால்ட்-60-க்கு நியூத்திரன் பாரம் கூடிவிட்டது. ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி, ஓர் இலத்திரனை வெளியே எறிகிறது. இப்போது புரோத்தன் 28, அணு நிக்கலாகிவிட்டது. ஆனால் கொதிப்பு அடங்காத நிக்கல். அது 1.17, 1.33 மெகா இலத்திரன்வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களை அடுத்தடுத்து வீசிவிட்டுத்தான் அமைதியாகிறது. கோபால்ட் கதிர் என்று நாம் சொல்வது, கணக்காகப் பார்த்தால், புதிதாய்ப் பிறந்த நிக்கலின் கதிர்.

அந்தக் கதிரை மருந்தாக்கியது கனடா. சோக் றிவர் அணு உலையில் செய்த கோபால்ட்-60 கொண்டு, 1951 ஒக்ரோபர் 27-இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் முதல் புற்றுநோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். சில நாட்களில் சஸ்கற்றூனில் ஹரோல்ட் ஜோன்ஸ் தன் குழு வடிவமைத்த கருவியால் சிகிச்சையைத் தொடங்கினார். ஜோன்ஸ் 1956-இல் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும், அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே கனடாவிலிருந்து ஒரு கோபால்ட் கருவி போனது. கரண்ட் வைக்கிறார்கள் என்று நம்மூரில் சொன்ன சிகிச்சை இதுதான். இலங்கையின் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் பல்லாண்டு காலம் கோபால்ட் கருவிகளே நோயாளிகளைத் தாங்கின.

கோபால்ட் கருவியை வைத்திருந்த ஆஸ்பத்திரிகளில் இயற்பியலாளருக்கு ஒரு மாதாந்த வேலை உண்டு. மூலத்தின் வீரியம் மாதத்துக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு குறையும். அதே அளவு கதிர் போக வேண்டுமானால் நோயாளி படுத்திருக்கும் நேரத்தை அந்த அளவு கூட்ட வேண்டும். அட்டவணையைத் திருத்தி எழுதி, கருவியின் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். போன மாதம் நூறு விநாடி என்றால் இந்த மாதம் நூற்றொரு விநாடி. ஐந்து ஆண்டு தாண்டினால் நேரம் இரட்டிப்பாகும். அப்போது புது மூலம் வாங்க வேண்டும். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் நேர்கோட்டு ஆர்முடுக்கிகள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. கோபால்ட்-60-இன் பெரிய வேலை இன்று ஊசிகளையும் கையுறைகளையும் பெட்டியைத் திறக்காமலே கிருமிநீக்கம் செய்வது. வேலை இல்லாத நேரத்தில் அதை ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். தொட்டித் தண்ணீர் நீலமாய் ஒளிரும்.

பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்பதன் விலையை 2010-இல் டெல்லி கண்டது. 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து வாங்கிய ஒரு கோபால்ட்-60 ஆய்வுக் கருவி, நெடுங்காலம் பயன்படாமல் கிடந்து, டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து பழைய இரும்பாக ஏலம் போனது. மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். உடைத்தவர்களுக்கு அது பளபளப்பான ஓர் உலோகம். அதற்குள் ஏழெட்டு அரைவாழ்வு கழிந்து, முதலில் இருந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. அதுவே ஓர் உயிரைக் குடித்தது; பலரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது.

எது நிலைக்கும்

59 அசையாமல் கிடக்க, 60 ஏன் சிதைகிறது?

கருவுக்குள் புரோத்தன்கள் ஒன்றையொன்று தள்ளும். அடுத்தடுத்து நெருங்கியிருக்கும் துகள்களை மட்டும் இழுத்துப் பிடிக்கும் அணுக்கரு விசைதான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. நியூத்திரன்கள் அந்த இழுவிசையைக் கூட்டும், தள்ளுவிசையைக் கூட்டாது. ஆகவே கரு பெரிதாகப் பெரிதாக நியூத்திரன் விகிதமும் கூட வேண்டும். ஆனால் அளவு மீறினால் அதுவும் சுமை. கூடிய நியூத்திரன் புரோத்தனாக மாறும். குறைந்தால் புரோத்தன் நியூத்திரனாக மாறும். கோபால்ட்-60 முதல் வழியில் போய் நிக்கலாகிறது. கோபால்ட்-56-உம் 57-உம் மற்ற வழியில் இறங்கி இரும்பாகின்றன. ஒரே மூலகத்தின் பிள்ளைகள், நியூத்திரன் கணக்கைப் பொறுத்து, அட்டவணையில் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. கருத்துகள்களுக்குச் சோடி பிடிக்கும். புரோத்தனும் நியூத்திரனும் இரட்டை எண்ணில் இருந்தால் கரு வலுவானது. இரண்டும் ஒற்றையானால் அநேகமாக நிற்காது. கோபால்ட்-60-இல் 27, 33: இரண்டும் ஒற்றை. அது மாறிப்போகும் நிக்கல்-60-இல் 28, 32: இரண்டும் இரட்டை. 50 புரோத்தன்கள் கொண்ட வெள்ளீயத்துக்குப் பத்து நிலையான சமதானிகள். ஒற்றை எண் மூலகங்களுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. கோபால்டுக்கு ஒன்றே ஒன்று. 43-ஆம் மூலகமான தெக்னீசியத்துக்கு ஒன்றுகூட இல்லை.

வானத்தில் 77 நாள்

றிச்மண்ட் ஹில்லைச் சுற்றி வீடுகளும் வெளிச்சமும் பெருகின. தென்வானமோ கனடாவிலிருந்து தெரியவே தெரியாது. அதனால் ரொறன்ரோப் பல்கலைக்கழக வானியலாளர்கள் 1971 முதல் சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் மலையில் ஒரு சிறிய தொலைநோக்கியை வைத்திருந்தார்கள். 1987 பெப்ரவரி 24 அதிகாலை, அங்கே பணியிலிருந்த இயன் ஷெல்ரன், பெரிய மகெல்லன் முகிலை நெடுநேரம் எடுத்த ஒரு புகைப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்தார். முன்பு இல்லாத பெரிய புள்ளி ஒன்று அதில் இருந்தது. தகட்டில் கோளாறோ என்று வெளியே வந்து வெறுங்கண்ணால் பார்த்தார், வானத்திலும் இருந்தது. 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிந்த முதல் சூப்பர்நோவா. தூரம் சுமார் 168,000 ஒளியாண்டு.

வெடிப்பு விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். ஆனால் ஒளி மே மாதம்வரை ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கி, கோடை முதல் ஓர் ஒழுங்குக்கு வந்தது: 77 நாளுக்கொரு முறை பாதி. ஓராண்டுக்கும் மேல் அந்த ஒழுங்கு குலையவில்லை.

வெடிப்பின் அதிர்ச்சி அலை, நட்சத்திரத்தின் உட்புறத்தை எரித்து நிக்கல்-56 ஆக்கியிருந்தது. ஏறக்குறைய 23,000 பூமிகளின் எடைக்குச் சமமான நிக்கல். அதன் அரைவாழ்வு ஆறு நாள். அது கோபால்ட்-56 ஆனது. கோபால்ட்-56 சிதைந்தபோது வந்த காமாக் கதிர்கள் சுற்றியிருந்த வாயுவைச் சூடாக்கின. வானத்தில் பார்த்த வெளிச்சம் அந்தச் சூடு. நட்சத்திரம் மங்கிய வேகம் கோபால்ட்-56 சிதையும் வேகம். ஆகஸ்ட் மாதமளவில் சோலர் மக்சிமம் மிஷன் செய்மதி 847 கிலோ இலத்திரன்வோல்ட் காமாக் கதிரை நேரடியாகவே பிடித்தது. அது கோபால்ட்-56-இன் கைரேகை. வேறெந்தக் கோபால்டுக்கும் கிடையாது.

கோபால்ட்-56-இன் முடிவு இரும்பு-56. உலகில் உள்ள இரும்பில் நூற்றுக்கு 92 பங்கு அந்தச் சமதானி. அதில் பெரும்பகுதி இப்படி வெடித்த நட்சத்திரங்களில் நிக்கலாய்ப் பிறந்து, சில மாதம் கோபால்டாய் இருந்து, இரும்பாகி வந்தது.

உடம்பு ஏமாறும் இடம்

நாலாமவர் கோபால்ட்-57. ஆஸ்பத்திரிகளின் அணுமருத்துவப் பிரிவில் காலையில் முதல் நோயாளி வருமுன், தொழில்நுட்பவியலாளர் ஒரு தட்டையான பலகையை எடுத்துக் காமாக் கமராவின் மேல் வைப்பார். பலகை முழுக்கக் கோபால்ட்-57 ஒரே சீராகப் பரவியிருக்கும். திரையில் எங்கும் ஒரே அளவு வெளிச்சம் வந்தால் கமரா சரி. ஓரிடத்தில் கறுப்பு விழுந்தால் அன்றைக்கு அதில் படம் எடுக்க முடியாது. கோபால்ட்-57-இன் காமாக் கதிர் 122 கிலோ இலத்திரன்வோல்ட், மென்மையானது. கமராவுக்குத் தேவையான அளவு. பக்கத்தில் நிற்பவருக்கும் பெரிய ஆபத்தில்லை. இதே 122-ஐத்தான் கொம்ப்ரன் செய்மதி பின்னாளில் 1987 சூப்பர்நோவாவிலிருந்தும் பிடித்தது. 56 தீர்ந்துபோன பிறகு, மெதுவாகச் சிதையும் 57 அங்கே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சமதானிகளின் இரட்டை இயல்பை மிக அழகாகப் பயன்படுத்திய சோதனை ஒன்றும் கோபால்டோடு சேர்ந்தது. வைட்டமின் பி12-இன் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. டொரதி ஹொட்ஜ்கின் 1950களில் அதன் அமைப்பைக் கண்டு, 1964-இல் நோபல் பெற்றார். சிலருக்குச் சாப்பாட்டில் பி12 இருந்தும் குடல் அதை உறிஞ்சாது, இரத்தச்சோகை வரும். உறிஞ்சுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? 1953-இல் றொபேர்ட் ஷில்லிங் கண்ட வழி: நடுவிலுள்ள கோபால்ட்-59-க்குப் பதிலாகக் கதிர் வீசும் கோபால்ட் வைத்த பி12-ஐக் குடிக்கக் கொடுப்பது. முதலில் 60, பிறகு பாதுகாப்பான 57. குடல், இரத்தம், சிறுநீரகம் எவற்றுக்கும் ஆள்மாறாட்டம் தெரியாது. வழக்கமான பி12 போலவே நடத்தும். வெளியே வந்த சிறுநீரைக் கதிர்மானியில் வைத்தால், எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று எண்ணிச் சொல்லிவிடலாம். உடம்புக்கு இரசாயனம் மட்டுமே தெரியும். கருவிக்குக் கரு மட்டுமே தெரியும். அந்த இடைவெளிக்குள்தான் அணுமருத்துவம் முழுவதும் நிற்கிறது.

ஆகவே கோபால்ட்-60 என்ற பெயரை இரண்டாகப் பிரித்து வாசிக்க வேண்டும். கோபால்ட் என்ற பாதி, அது எதோடு சேரும், எதில் கரையும், உடம்பில் எங்கே போகும் என்று சொல்லும். 60 என்ற பாதி, எத்தனை நாள் இருக்கும், என்ன கதிர் வீசும், எதுவாக முடியும் என்று சொல்லும். முதற்பாதியை வைத்து இரண்டாம் பாதியை ஊகிக்க முடியாது.

ஒரு கேள்வியை மட்டும் இதுவரை தொடாமல் விட்டிருக்கிறோம். அரைவாழ்வு 5.27 ஆண்டு என்றால், நேற்று உலையில் பிறந்த அணுவை விட நாற்பது ஆண்டு கிடந்த அணு முதலில் சிதைய வேண்டும் அல்லவா? இல்லை. இரண்டுக்கும் நாளைக்குச் சிதையும் வாய்ப்பு இம்மியும் வேறுபடாமல் ஒன்றே. அணுவுக்கு வயது ஏறுவதில்லை. தனியே எடுத்தால் எந்த அணுவும் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. கூட்டமாகச் சேர்ந்தால், இயற்பியலாளர் ஒட்டி வைத்த அட்டவணை விநாடி பிசகாமல் பலிக்கிறது. கட்டுப்படாத தனியர்களிடமிருந்து இப்படிக் கட்டுக்கோப்பான கூட்டம் எப்படி உருவாகிறது என்பதை அடுத்த அத்தியாயத்தில் எண்ணிப் பார்ப்போம்.